இரண்டாவது கேள்வி

குருநகர்,
03.03.2024

அன்புள்ள தம்பி ஜஸ்ரினுக்கு,

மாதாவின் துணையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய அப்பா என் கதிரைக்குப் பின்னால் வந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். போனிலேயே கதைக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் அவர் பறித்துவிடுவார். அங்கே மழையா, இன்றைக்கு என்ன கறி என்ற விசாரணையிலேயே உன் நேரம் முடிந்துவிடும். தொழில் விஷயத்துக்கு எங்களுக்குக் கடிதம்தான் சரி.

கடற்றொழிலாளர் சங்கத்துப் படகுகளுக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் உனக்குத் தெரியும். படகில் ஒரு சின்னப் பெட்டி. தான் நிற்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சங்கத்துக் கணினிக்குச் சொல்லும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். சங்கத்தில் மணி அடிக்கும், செய்தி கிடைத்துவிட்டது என்று பெட்டியில் பச்சை எரியும். நாற்பது படகோடு தொடங்கினோம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு த்ரெட் வைத்தேன். அதாவது, படகுக்கு ஒரு ஆளாகக் கரையில் நிறுத்தி, உன் படகு கூப்பிடும்வரை அசையாதே என்று சொன்னதுபோல. நாற்பது ஆள் என்றால் சமாளிக்கலாம். இப்போது நூற்றெண்பது படகு. கரை முழுக்கச் சும்மா நிற்கிற ஆட்கள். போன கிழமை கணினி இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்றே விட்டது.

நான் யோசித்தது இது. மீன் கூறுகிற இடத்தில் ஒரே ஒருவர்தானே எல்லாக் கூடைக்கும் ஏலம் கூறுகிறார்? அப்படி ஒரே ஒரு லூப். கூப்பிடுகிற படகுக்குக் காது கொடுத்துவிட்டு உடனே அடுத்ததற்குப் போகும், ஒன்றுக்காகவும் காத்து நிற்காது. படகுகள் நிற்கும் வரைபடத்தை எழுதுவது, வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற மெதுவான வேலைகளை மட்டும் பின்னால் நிற்கிற நாலைந்து த்ரெட்டிடம் தள்ளிவிடலாம். ஏலம் கூறுகிறவர் ஐஸ் வாங்கத் தானே போனால் கூடையெல்லாம் நாறிவிடும். லூப்பும் த்ரெட்டும் சேர்ந்தால்தான் இது சரிவரும் என்பது என் எண்ணம்.

பார்த்துச் சொல். படிக்கிற காலத்து எங்கள் ஒப்பந்தம்தான்: நீ ஒன்றும் சொல்லாத இடம் சரியான இடம்.

இவர், உன் சிமியோன் அத்தான், நண்டு வலைக்குப் போய் வருகிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா றஜனி


பேர்கன்,
10.03.2024

என் அன்பு அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்: மழைதான், மீன் கறிதான், நானே வைத்தது, உப்புக் கூடிவிட்டது. அவருடைய இரத்தத்தில் சீனி இப்போது எவ்வளவு?

உங்கள் யோசனையை மூன்று தடவை வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. இங்கே எங்கள் கொம்பனி சால்மன் மீன் வளர்க்கிற கூடுகளைக் கண்காணிக்கிறது என்று சொல்லியிருக்கிறேனே, அதுவும் இதே முறைதான். நான் அதைத் தொட்டதில்லை. நாலு வருடமாக எனக்குத் தருவது திரையில் எழுத்துப் பெரிது, எழுத்துச் சிறிது என்கிற வேலை. அதனால் உங்கள் கடிதத்தைப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது.

நேற்றுச் செபநாயகம் அண்ணை எங்கள் யாகப்பர் கோயில் திருநாள் விஷயமாகப் போன் எடுத்தார். சங்கத் தலைவர் என்பதால் கதையோடு கதையாக இதையும் சொன்னேன். “தம்பி, அப்ப நீரே செய்து தாருமன்” என்றார். அக்கா இருக்கிறாவே என்றேன். “கொக்காவும் பாக்கட்டும், நல்லதுதானே” என்றார். உயிர்ப்பு ஞாயிறு விடுமுறையில் எனக்கு ஐந்து நாள் இருக்கிறது. புரோகிராமின் எலும்புக்கூட்டை நான் எழுதித் தரவா?

அத்தானுக்கு என் அன்பு. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தம்பி,
ஜஸ்ரின்


குருநகர்,
14.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நாங்கள் சுகம். அப்பாவின் சீனி நூற்றெழுபது. உன்னைத் திரையில் பார்த்த அன்றைக்கு அளந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும்.

போன ஞாயிறு பூசை முடிந்து கூடிய சங்கக் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும், நீதானே முக்கிய விருந்தினர். உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன். நான் பலகையில் படம் கீறி விளக்கத் தொடங்கினேன். இரண்டு படகுதான் கீறியிருப்பேன். “பிள்ளை, கொஞ்சம் இரும், தம்பி லைனிலை வந்திட்டார்” என்றார் செபநாயகம் அண்ணை. நான் வெண்கட்டியோடு இருந்தேன். நீ சுவரில் பெரிதாகத் தெரிந்தாய். நல்லாகத்தான் சொன்னாய். அந்த ஏலம் கூறுகிறவர் உதாரணம் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது.

கை தட்டினார்கள். அப்பா எழும்பி நின்று தட்டினார். தீர்மானம்: ஜஸ்ரின் எழுதுவது, றஜனி உதவி செய்வது. பிறகு நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். அந்த உதவியை அன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

எனக்குச் சந்தோஷம்தான். நீ எழுதி அனுப்பு, பார்க்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அக்கா


பேர்கன்,
02.05.2024

அன்பு அக்கா,

சுகம். நீங்களும் அத்தானும் அப்பாவும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் கொஞ்சம் காரம் இருந்தது. ஏலம் கூறுகிறவரை நான் உங்கள் பெயர் சொல்லித்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு இத்தனை முகங்களைக் கண்டதும் வாய் தன்பாட்டில் ஓடிவிட்டது. மன்னியுங்கோ அக்கா.

கோட் முழுவதையும் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்ன அமைப்புத்தான். மூன்று கேள்விகள்.

முதலாவது, வரைபடத்தை விநாடிக்கு ஒருமுறை எழுதினால் போதுமா?

இரண்டாவது, குறுஞ்செய்தி அனுப்பும் உங்கள் பழைய துண்டை அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் அதை மெதுவான வேலை என்றீர்கள், ஆனால் அதன் தலையில் ‘உடனே திரும்பும்’ என்று நீங்கள் குறிப்பு எழுதியிருப்பதால் லூப்புக்குள் இருந்தே நேராகக் கூப்பிடுகிறேன். அது உண்மையில் எங்கேயாவது காத்து நிற்கிறதா? நின்றால் அதைத் த்ரெட்டுக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது நிற்கிற நேரம் முழுக்க எல்லாப் படகும் வாசலில் நிற்கும். என்னிடம் செய்தி அனுப்புகிற அந்த மோடம் இல்லை, ஒரு பொய் மோடத்தை வைத்துத்தான் சோதித்தேன்.

மூன்றாவது, சிவப்புப் பொத்தான் அழுத்தினால் மணி எத்தனை தடவை அடிக்க வேண்டும்?

பார்த்து எழுதுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாத இடத்தில் நான் கை வைக்கமாட்டேன்.

அன்புடன்,
ஜஸ்ரின்


(அனுப்பப்படாமல் வரைவுகளில் கிடந்தது)

குருநகர்,
11.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீ சுகமா என்றெல்லாம் எழுத இன்றைக்கு மனமில்லை.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஓம், காத்து நிற்கும். அந்தத் தலைக்குறிப்பு பழசு. போன டிசம்பரில் நான் அந்தத் துண்டை மாற்றினேன். செய்தி உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற பதில் வரும்வரை நிற்கிறமாதிரி. ஒரு செய்திக்கு எட்டு விநாடி. குறிப்பை மாற்ற மறந்துவிட்டேன். நீ அதைத் த்ரெட்டுக்குத் தள்ளு. ஒரு வரி வேலை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு எரிகிறது ஜஸ்ரின். நீ எழுதின கோட் அழகாக இருக்கிறது, அதனால் இன்னும் எரிகிறது. அது என்னுடைய யோசனை. நான் மூன்று மாதம் நல்லூர் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கீறிக் கீறிப் பார்த்தது. அதை நான் சொன்னால் ‘பிள்ளை கொஞ்சம் இரும்’. நீ சொன்னால் கைதட்டல். உனக்குப் பேர்கனில் இடம் கிடைத்த அதே வருடம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது, தெரியுமா? தெரியாது. ஒருவருக்கும் காட்டவில்லை. அம்மா இறந்து அப்போது ஆறு மாதம். இரண்டு பேரும் போனால் அப்பாவை யார் பார்ப்பது? நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். நின்றதற்காக உன்மேல் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று நானே என்னைக் கேட்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செபநாயகம் அண்ணை திருநாளோடு வைக்கும் தொடக்க விழா அழைப்பிதழைக் கொண்டுவந்து தந்தார். உன் பெயர் நடுவில் பொன் எழுத்தில். என் பெயரைத் தேடினேன். ‘மற்றும் உதவியோர்’ என்றிருக்கிறது.

அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வரைபடம் எட்டு விநாடி உறையட்டும். நீ சுவரில் பெரிதாக நின்று முழிக்கட்டும். நான் எழும்பிப் போய்ச் சரிசெய்கிறேன்.


குருநகர்,
19.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறோம். பதில் பிந்திவிட்டது, அலுவலகத்தில் வேலை கூடிவிட்டது.

கோட் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. வரைபடம் விநாடிக்கு ஒருமுறை போதும். மணி மூன்று தடவை அடிக்கட்டும், ஒருமுறை என்றால் தேத்தண்ணிக் கடைச் சத்தத்தில் கேட்காது.

கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருடம் நல்ல காய்ப்பு. அப்பாவுக்குச் சீனி என்று ஒளித்து வைத்தால் அவர் மணத்திலேயே கண்டுபிடிக்கிறார். அத்தான் உன்னிடம் ஒரு நல்ல மழைக்கோட்டு கேட்கிறார், படகில் போட.

இப்படிக்கு,
அக்கா


பேர்கன்,
28.07.2024

அன்பு அக்கா,

சுகம்தானே? விழா வீடியோவை நாலு தடவை பார்த்தேன். எனக்கென்று அப்பாவின் தோளில் போட்ட பொன்னாடையை அவர் கழற்றவே மறுத்ததைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். இங்கே யாரும் எனக்குக் கை தட்டியதில்லை.

வீடியோவில் உங்களைத் தேடினேன். ஒரு மூலையில் கணினிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றீர்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியபோது உங்கள் முகத்தில் ஏன் சிரிப்பில்லை? களைப்பா? நன்றியுரையில் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதி அனுப்பியிருந்தேன், செபநாயகம் அண்ணை வாசிக்காமல் விட்டுவிட்டார்.

குறுஞ்செய்தித் துண்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன். இப்போது சங்கத்தில் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். காற்று எச்சரிக்கை வந்தால் நூற்றெண்பது குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகவேண்டுமாம். நாலு வரி சேர்த்திருக்கிறேன், இத்தோடு இருக்கிறது. உங்கள் கண்ணில் ஒருமுறை படட்டும்.

அத்தானின் மழைக்கோட்டு பார்சலில் வருகிறது. அப்பாவின் காலில் புண் இருந்தால் கவனியுங்கள்.

அன்புடன்,
ஜஸ்ரின்


குருநகர்,
06.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அப்பா சுகம். அத்தான் உயிரோடு இருக்கிறார். நீ போனில் கேட்டபோது அப்பா ‘சின்னக் காயம்’ என்று சொல்லியிருப்பார். நடந்ததை நான் எழுதுகிறேன்.

போன மாதம் 30ஆம் திகதி பின்னேரம் மூன்று ஏழுக்குச் சங்கத்தில் காற்று எச்சரிக்கையை அனுப்பினார்கள், எல்லாக் குடும்பத்துக்கும். நான் நல்லூரில் வேலையில் இருந்தேன். என் போனில் வரைபடத்தைத் திறந்தேன். ஒரு படகும் அசையவில்லை. மூலையில் நேரம் மூன்று ஏழில் நின்றது. மூன்று பன்னிரண்டுக்குப் பார்த்தபோதும் மூன்று ஏழு. கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொல்வதற்குச் செபநாயகம் அண்ணைக்கு எடுத்தேன், லைன் பிசி. குடும்பங்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் சங்கத்து வாசலில் இறங்க, மூன்று முப்பத்தொன்றுக்கு மணி அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே படகிலிருந்து பதினொரு தடவை சிவப்புப் பொத்தான். உன் அத்தானின் படகு. மண்டைதீவுக்கு அப்பால் இயந்திரம் நின்று, காற்று இழுத்துக்கொண்டு போக, பச்சை எரியும் எரியும் என்று அவர் தனியே அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

சங்கத்துப் படகு போய்ச் சேரமுதல் பாசையூர்ப் படகொன்று தற்செயலாகக் கண்டது. அவரை ஏற்றும்போது இரண்டு படகும் அலையில் மோதி, இடது கை நடுவில் அகப்பட்டுவிட்டது. இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இருபது நிமிடம் முதலே நாங்கள் போயிருந்தால் கை தப்பியிருக்கும், அப்போது கடல் அவ்வளவு கொந்தளிக்கவில்லை.

“என்ரை மோன் எழுதினதிலை பிழை வராது. பெட்டியிலைதான் பழுது” என்று அப்பா வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ சுகமாக இரு.

றஜனி


பேர்கன்,
08.11.2024

அக்கா,

அத்தானுக்கு இப்போது வலி எப்படி? காய்ச்சல் இருக்கிறதா? எனக்கு இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை.

பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். பெட்டியில் இல்லை, என்னில்தான். குறுஞ்செய்தித் துண்டு ஒவ்வொரு செய்திக்கும் எட்டு விநாடி காத்து நிற்கிறது. நூற்றெண்பது செய்தி, இருபத்து நாலு நிமிடம். அவ்வளவு நேரமும் லூப் அதிலேயே நின்றிருக்கிறது, அத்தானின் குரல் வாசலில் நின்றிருக்கிறது. போன வருடம் டிசம்பரில் நீங்கள் அதை மாற்றியது கோட்டின் பழைய பதிவுகளில் இருக்கிறது, தலைக்குறிப்பை மாற்ற மறந்துவிட்டீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது. நான் உள்ளே திறந்து பார்த்திருக்க வேண்டும். குறிப்பை நம்பினேன்.

மே மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உங்களிடம் கேட்டுத்தான் இருக்கிறேன். உங்கள் பதிலில் அது இல்லை. வேலைக் களைப்பில் கண்ணில் படாமல் போயிருக்கும். நான் இரண்டாம் தரம் கேட்டிருக்க வேண்டும் அக்கா. கேட்காமல் பொன்னாடை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அதைத் த்ரெட்டுக்குத் தள்ளிவிட்டேன். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதப் போகிறேன், பிழை முழுக்க என்னுடையது என்று. ஞாயிறு பூசைக்குப் பிறகு செபநாயகம் அண்ணை அதை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். அப்பாவின் முகத்தை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜஸ்ரின்


குருநகர்,
10.11.2024

ஜஸ்ரினுக்கு,

அத்தானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ சங்கத்துக்கு எழுதாதே.

உன் இரண்டாவது கேள்வி என் கண்ணில் படாமல் போகவில்லை. மே 11ஆம் திகதி பதில் எழுதினேன், அனுப்பவில்லை. அதை இத்தோடு அனுப்புகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. வாசித்தால் உனக்கு எல்லாம் விளங்கும். அதில் இல்லாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விழாவன்று ஒரு செய்தி போனபோது வரைபடம் எட்டு விநாடி உறைந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, அந்த நேரம் அப்பாவுக்குப் பொன்னாடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். நீ ஜூலையில் அந்த நாலு வரியை அனுப்பியபோது நான் நூற்றெண்பதை எட்டால் பெருக்கிப் பார்த்தேன். மனக்கணக்கில் இல்லை, கடதாசியில். இருபத்து நாலு நிமிடம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். மழை தொடங்கமுதல் சொல்லுவோம் என்று வைத்தேன். ஒவ்வொரு கிழமையும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் வாசலில் வந்து, “தம்பி எப்பிடி இருக்கிறார், எங்கடை உயிருகளைக் காப்பாத்துறார்” என்று கேட்பார். அந்தக் கிழமையும் சொல்லமாட்டேன்.

நான் பேசாமல் இருந்தால் நீ சரி என்று எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் செய்தேன். நீ பிழை விடவில்லை. நீ கேட்டாய்.

எனக்குப் பொறாமை ஜஸ்ரின். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

றஜனி


பேர்கன்,
05.01.2025

அக்கா,

அப்பாவுக்கும் அத்தானுக்கும் என் புதுவருட அன்பு. நான் சுகம்.

எட்டுக் கிழமை எடுத்தது. ஆறு கடிதம் எழுதி அழித்தேன். ஒன்றில் உங்களைக் கண்டபடி ஏசியிருந்தேன். ஒன்றில் மன்னித்திருந்தேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்தது.

உங்களுக்கும் இடம் கிடைத்ததை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. நின்றிருக்கமாட்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, எப்படியும் போயிருப்பேன். ஏலம் கூறுகிறவரை அன்றைக்கு வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதியதும் முழு உண்மையில்லை. அது உங்களுடையது என்று சொன்னால் கைதட்டல் குறையும் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்காக என்னை எப்படி வேண்டுமென்றாலும் தண்டித்திருக்கலாம். அத்தானை வைத்துத் தண்டித்திருக்கக் கூடாது.

சங்கத்துக்கு நான் எழுதவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. அத்தானுக்குச் சொல்வது உங்கள் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் போன் எடுத்தார், என் கோட்டில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு. “தம்பி, நீ கவலைப்படாதை, பிழை எண்டால் ஆருக்கும் வரும்” என்று என்னைத் தேற்றினார். விரல் போன மனுசன் என்னைத் தேற்றுகிறார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இன்னொரு தரம் என்னால் ஏலாது. நீங்கள் சொல்லும்வரை அவருடைய போனை எடுக்கமாட்டேன்.

உடம்பைக் கவனியுங்கள்.

ஜஸ்ரின்


குருநகர்,
09.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதத் தொடங்கி, நிறுத்தி, திரும்பவும் அதையே எழுதுகிறேன். உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவின் சீனி நூற்றைம்பது.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தானிடம் சொன்னேன். அப்பா பூசைக்குப் போயிருந்தார். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் கேள்வி, என் பேசாமை, ஜூலைப் பெருக்கல், ஒன்றும் விடாமல் சொன்னேன். த்ரெட் என்றால் என்ன, லூப் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கூடையையும் ஏலம் கூறுகிறவரையும் வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். தலையாட்டிக் கேட்டார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் படகுகளிலை நானும் ஒருத்தன் எண்டு தெரிஞ்சுகொண்டுதானோ?”

இல்லை, அதை நான் நினைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நினைத்தேன் ஜஸ்ரின். அந்தக் கடதாசியில் பெருக்கும்போது அவர் முகம் வந்தது. இவருக்கு ஒன்றும் வராது, இவர் நல்ல படகோட்டி என்று நினைத்துக்கொண்டு கடதாசியைக் கிழித்துப் போட்டேன்.

“ஓம், தெரிஞ்சுதான்” என்றேன்.

அவர் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தார். ஏசவில்லை. ஏசினால் நல்லது என்று நான் குசினி வாசலிலேயே நின்றேன். “தம்பிக்கு எடுத்துச் சொல்லு, என்ரை போனை எடுக்கச் சொல்லி” என்று மட்டும் சொல்லிவிட்டு கிழிந்த வலை பொத்தப் போய்விட்டார். அதனால் நீ இனி எடுக்கலாம்.

கையில் காயம் ஆறிவிட்டது. இன்றைக்குத்தான் முதன்முதலாகத் திரும்பத் தொழிலுக்குப் போயிருக்கிறார். நான் பூசையால் வந்து பார்க்க, என் மேசையில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் அவருடைய படகுப் பெட்டி இருந்தது. நாலு ஆணியையும் கழற்றி, ஒரு பழைய துணியில் துடைத்து வைத்திருக்கிறார். ஏன் கழற்றினாய் என்று அப்பா கேட்டதற்கு “தேவையில்லை மாமா” என்றாராம்.

இப்போது பின்னேரம் மூன்று மணி. காற்று கொஞ்சம் எழும்புகிறது. நீ திருத்தின கோட் நன்றாக ஓடுகிறது, ஒரு தடங்கலும் இல்லை. மற்றப் படகுகள் எல்லாம் வரைபடத்தில் அசைகின்றன. அத்தான் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது.

உன் சுகத்துக்கு எழுது.

அக்கா